தரம் சார் கண்ட புளிக்காத மோர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. நடுவில் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு நிலாவுக்குக்கூடப் போய்த் திரும்பியது. ஆனால் நேற்றைய மோர் இன்றைக்கு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க மட்டும், தரம் சார் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை அது காத்திருக்க வேண்டியதாயிற்று.

தரம் சார் என்பது அவருடைய பெயர் அல்ல, பதவி கரைந்து பெயராகிவிட்டது. பெயிண்ட் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டியவர். பலகையில் பூசிய பெயிண்ட்டை விரலால் தொட்டுப் பார்த்து, 'காய்ந்தது' என்றோ 'காயவில்லை' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் பணி. இதை லேசான வேலை என்று நினைப்பவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஈரச் சுவரில் ஒருமுறை சாய்ந்து பார்க்கட்டும். அந்தக் கம்பெனிக்கு அவர் தன் இளமையைக் கொடுத்தார். கம்பெனி அது போதாதென்று அவருடைய மூக்கையும் எடுத்துக்கொண்டது. வருஷக்கணக்காகத் தின்னர் வாடையில் ஊறிய மூக்கு, வாசனை என்ற சமாச்சாரத்தையே மறந்து போயிற்று. அடுப்பில் பால் தீய்ந்தாலும் சரி, அவருடைய சாக்ஸே ஊரைக் கூட்டினாலும் சரி, அது வாயைத் திறக்காது. இதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

"என் மூக்கு யாருக்கும் பாரபட்சம் பார்க்காது" என்பார் பெருமையாக.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்குப் பரிசோதிக்க ஒன்றுமே இல்லாமல் போனது. வீட்டுச் சுவரெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. கையெழுத்துப் போடவும் வழியில்லை. கூரியர்காரர் பார்சல் கொண்டுவந்தால்தான் உண்டு, அதையும் இப்போது செல்போன் திரையில் விரலால் கிறுக்கச் சொல்கிறார்கள். கை நமநமவென்றது. இப்படியே இருந்தால் மனுஷன் நோயில் விழுந்துவிடுவாரோ என்று அவர் மனைவி பயந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில்தான், அவள் நீட்டிய மோர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார். மூக்கு போனாலும் நாக்கு போகவில்லை.

"இது எப்பக் கலக்கினது?"

"நேத்து."

"நேத்துன்னா? காலையிலயா, சாயங்காலமா?"

"மோர்தானேங்க. அது பிறந்த நேரத்தையா குறிச்சு வைக்க முடியும்?"

தரம் சார் டம்ளரைக் கீழே வைத்தார். வெகு நாட்களுக்குப் பிறகு அவர் கண்ணில் ஒளி வந்தது. அங்கேயே, சாப்பாட்டு மேஜையிலேயே, ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அவர். உறுப்பினர் அவர் மனைவி. குற்றம் சாட்டப்பட்டவரும் அவர் மனைவியே. எந்தப் பாத்திரத்தில் வைத்தாய், மூடியது தட்டா மூடியா, ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு, பக்கத்தில் யார் இருந்தது என்று கேள்விகள் பொழிந்தன. பக்கத்தில் இருந்தது பாதி வெங்காயம் என்று தெரியவந்ததும் அந்த வெங்காயமும் மேஜைக்கு வரவழைக்கப்பட்டது. விசாரணை முடியும்போது விளக்கு போடும் நேரம் ஆகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. அதற்கப்புறம் எழுந்து போய் ராத்திரிச் சமையலையும் அவளேதான் செய்தாள்.

அந்த விசாரணையிலிருந்து பிறந்ததுதான், இன்று அந்தக் குடியிருப்பு முழுக்கப் பேசப்படும் 'மோர் அறிதலும் காத்தலும்' என்ற முறை.

அறிதலில் நான்கு படிகள். முதலாவது, 'காட்சிச் சோதனை': மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை, போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்ப்பது. அடுத்தது 'ஒலிச் சோதனை': மூடியைத் திறக்கும்போது காதைக் கிட்டே வைத்துக்கொள்வது. மோர் கெட்டுப்போயிருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு 'நாசிச் சோதனை'. இதை மட்டும் தரம் சார் தன் மூக்காலேயே செய்வார், வேறு யாரையும் நம்பமாட்டார். எந்த மோரும் இதில் தோற்றதில்லை. கடைசியாக ஒரு வாய் குடிப்பது. எடுத்த எடுப்பிலேயே குடித்துப் பார்த்துவிட்டால் என்ன என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "அப்புறம் மத்த மூணும் எதுக்கு இருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

காத்தலுக்கு விதிகள் இன்னும் கடுமை. கண்ணாடி பாட்டில்தான், பிளாஸ்டிக் கூடாது. உப்பு குடிக்கும்போதுதான், வைக்கும்போது கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கக் கூடாது, நடுத்தட்டில், உள்ளே தள்ளி. இதுவரை சொன்னதெல்லாம் எந்த வீட்டிலும் சொல்வதுதான். இதற்கு மேல்தான் தரம் சாரின் பங்களிப்பு தொடங்குகிறது. பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்ற வேண்டும். பாட்டிலின் முகம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். பாட்டிலுக்கு முகம் எது என்பதை அவர் முடிவு செய்வார். ஃப்ரிட்ஜின் பக்கத்தில் சத்தமாகப் பேசக் கூடாது, ஏனென்றால் அதிர்ச்சியில் மோர் திரிந்துவிடும். கதவில் 'அமைதி மண்டலம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டினார். பாட்டிலில் 'மாதிரி – தொடாதீர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகத் தெரிகிறது.

முறை பலித்தது. மறுநாள் குடித்தார், புளிப்பில்லை. அதற்கடுத்த நாளும் புளிப்பில்லை. வாரம் ஓடியது, அதே பாட்டில், அதே மோர், கன்றுக்குட்டி மாதிரி இளசாக இருந்தது. தரம் சார் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரத்தைச் சொல்லியாக வேண்டும். விஞ்ஞானத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். தினமும் காலையில் தரம் சார் நடைப்பயிற்சிக்குக் கிளம்பி, லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டதும், அவர் மனைவி அமைதி மண்டலத்தைத் திறப்பாள். பாட்டிலை எடுத்து, பழைய மோரைப் பால்கனிச் செடித் தொட்டியில் ஊற்றுவாள். பாட்டிலைக் கழுவி, கீழே காய்கறிப் பெட்டியில் முட்டைக்கோசுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் தயிரை எடுத்துக் கடைந்து, நேற்று எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்துக்குப் புது மோரை ஊற்றி, ஈரத்துணியைச் சுற்றி, முகம் சுவரைப் பார்க்க வைத்துவிடுவாள். இன்னொரு விசாரணைக் குழுவை அவள் இடுப்பு தாங்காது. தவிர, காலையில் அந்த மோரைக் குடித்துவிட்டு அவர் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. அதை எந்தக் கோர்ட்டிலும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஒரு நாள் அவசரத்தில் கை தவறி, இரண்டு விரல் அளவு அதிகமாக ஊற்றிவிட்டாள். நடந்துவிட்டு வந்த தரம் சார் பாட்டிலைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"இந்தா, இங்க வா" என்றார். "இது நேத்தைக்கு இந்த அளவுக்கு இருந்துச்சா?"

"தெரியலீங்களே."

"இல்ல. குறைவா இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "சரியான முறையில காத்தா மோர் கெடாம மட்டும் இல்ல, வளரவும் செய்யுது."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். பால்கனித் தொட்டியில் இருந்த செடி அந்த மாதம் ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்ததற்கும், அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மோரைப் பற்றிப் பேசியதே காரணம் என்று முடிவாயிற்று.

இப்படிப்பட்ட அறிவை வீட்டோடு பூட்டி வைப்பது நியாயமில்லை. குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் கீழ்த்தளத்துக் கூடத்தில் நடந்தபோது தரம் சார் பேச எழுந்தார். அதுவரை அந்தச் சங்கம் லிஃப்ட்டைப் பற்றியும், யார் ஸ்கூட்டரை யார் இடத்தில் நிறுத்துவது என்பதைப் பற்றியும் தவிர வேறு எதையும் பேசியதில்லை. அவர் வளரும் மோரைப் பற்றிச் சொன்னதும் கூடம் வாயைப் பிளந்தது. தூங்கிக்கொண்டிருந்த சங்கத் தலைவர்கூட விழித்துக்கொண்டார். தலைவர் வயதானவர், நல்லவர், யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அவரைத் தலைவராகவே வைத்திருந்தார்கள்.

சங்கத்துச் செயலாளர் வீடு மாறிப் போய்விட்டதால் அந்த நாற்காலி அப்போது காலி. செயலாளர்தான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறவர். லிஃப்ட் பழுது பார்க்கவும் அவர் கையெழுத்து வேண்டும், தண்ணீர்த் தொட்டி கழுவவும் வேண்டும். தரம் சாருக்கு அந்த நாற்காலியின் மேல் ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, ராத்திரித் தூக்கத்தில்கூட அவர் விரல் போர்வையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர், மூன்றாவது மாடிப் பல் டாக்டர். மோர் விஷயம் பரவியதும் பல் டாக்டரின் செல்வாக்கு ஆட்டம் கண்டுவிட்டது. அவர் கையில் இருந்ததெல்லாம் ஒருமுறை இலவசமாகப் பல்லைச் சுத்தம் செய்துவிடுவதாகச் சொன்ன வாக்குறுதி மட்டுமே.

ஆனால் மற்ற வீடுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. தரம் சாரின் முறைப்படி வைத்த மோர் எல்லாம் புளித்தது. டியூஷன் டீச்சர் நேராக அவரிடமே வந்துவிட்டார்.

"சார், நீங்க சொன்னபடியே ஈரத்துணி சுத்தி, சுவரைப் பாக்க வச்சேன். ரெண்டே நாள்ல, திறந்ததும் மூடி பறந்து ஃபேன்ல அடிச்சுது."

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல யாராவது சத்தமாப் பாடம் நடத்தினீங்களா?"

"நான் கணக்கு டீச்சர் சார். வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறதுதான் என் பிழைப்பே."

"அதான்" என்றார் தரம் சார் கனிவோடு. "பதினேழாம் வாய்ப்பாட்ட எந்த மோர்ம்மா தாங்கும்?"

டீச்சர் யோசித்தபடியே திரும்பிப் போனார். பல் டாக்டர்தான் சும்மா இருக்கவில்லை. அவர் ஒரு சவால் விட்டார்: தரம் சார் வீட்டு மோரை, தரம் சார் வீட்டுப் பாட்டிலில், சாட்சிகள் முன்னால் ஒட்டி முத்திரை வைப்போம். அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். தேர்தலுக்காகக் கூடும் பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் திறப்போம். புளிக்காமல் இருந்தால் நான் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். புளித்திருந்தால் அவர் விலகட்டும்.

"இன்னிக்கே ஒட்டுங்க" என்றார் தரம் சார்.

அதே நேரத்தில்தான் அவர் மனைவியின் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். அக்காவுக்குப் போன் வந்தது.

"அக்கா, கொஞ்ச நாள் வந்து கூட இரேன். எழுந்து நிக்கவே முடியல."

"வரணும்னுதான்டி இருக்கு. இங்க மோர் இருக்கே."

"மோரா? அத விட்டுட்டு வந்தா அழுமா?"

"அது மோர் இல்லடி. உங்க அத்தானோட மானம்."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் புரிந்திருந்தது, அதனால்தான் கிளம்ப முடியவில்லை. ஒரு நாள் பாட்டிலை மாற்றாமல் விட்டால் மனுஷன் இடிந்து போய்விடுவார். இந்தப் பக்கம் கூடப் பிறந்தவள் கட்டுப் போட்ட காலோடு கிடக்கிறாள். இரண்டு பக்கமும் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

மாலையில் பல் டாக்டரும், தலைவரும், டீச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி எல்லோர் கண் முன்னால் தயிர் கடைந்து, மோரைப் பாட்டிலில் ஊற்றினாள். பல் டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளை டேப்பை மூடியைச் சுற்றி ஒட்டினார். டேப்பின் மேல் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். தரம் சாரும் போட்டார், மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"டாக்டர், இந்த டேப்பைக் கிழிக்காம மூடியத் திறக்க முடியாதா?" என்று மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எப்படிம்மா முடியும்? பிடுங்கின பல்ல மறுபடி அதே இடத்துல முளைக்க வைக்க முடியுமா?"

அவர்கள் போனதும் அவள் கணவரிடம் வந்து நின்றாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

"ஏங்க, அந்த மோரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"மோரைப் பத்தியா? நீயா? எங்கிட்டயா?"

"நானேதான். தினமும் காலைல நீங்க நடக்கப் போனதும் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து—"

"திறந்து? காலைல ஃப்ரிட்ஜைத் திறக்கறியா நீ?"

"திறக்காம எப்படிங்க சமைக்கிறது?"

"அமைதி மண்டலம்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேனே, அது யாருக்கு? கூரியர்காரனுக்கா?"

தொடர்ந்து, ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பதால் மோருக்கு உண்டாகும் மன உளைச்சலைப் பற்றி அவர் விரிவாகப் பேசினார். அவள் இரண்டு தடவை குறுக்கே வாயெடுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை விட்டுவிட்டு உள்ளே போனாள். பையோடு திரும்பி வந்தாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேங்க. இனிமே இங்க நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

"போயிட்டு வா. நீ இல்லாம இருக்கறது மோருக்கும் நல்லதுதான். வீட்டுல அதிர்வு குறையும்."

அவள் பாட்டில் இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தரம் சார் தனியாக இருந்தார். ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டார். சத்தம் போடாமல் நடந்தார், தும்மல் வந்தால் பால்கனிக்கு ஓடினார். தினமும் துணியை விலக்கி, பாட்டிலுக்கு வெளியிலிருந்தே 'காட்சிச் சோதனை' செய்தார். சில நாட்களில் மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. "தெளிவு" என்று தலையாட்டினார். பிறகு குட்டிக் குட்டியாகக் குமிழ்கள் கிளம்பின. "உயிர்ப்பு" என்றார். பொதுக்குழுவுக்கு முந்தின நாள் மூடி உப்பிக்கொண்டு வந்து, டேப்பு விறைத்து நின்றது.

"தன்னம்பிக்கை" என்றார் தரம் சார், கண் கலங்க.

பொதுக்குழுவுக்கு அதுவரை வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கூடத்தில் நாற்காலி போதவில்லை. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து நடுவில் பாட்டிலை வைத்தார்கள். தலைவர் எழுந்து, மோர் ஒரு நல்ல பானம் என்றும், அதைக் குறை சொல்ல முடியாது என்றும் தொடக்க உரை ஆற்றினார். பல் டாக்டர் டேப்பின் கையெழுத்துகளைச் சரிபார்த்து, இடுக்கியால் உரித்தார். தரம் சார் காதைக் கிட்டே கொண்டுபோய் மூடியைத் திருகினார்.

டப் என்ற சத்தத்தில் கடைசி வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. மூடி கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. நுரை பொங்கித் தலைவரின் சட்டையில் வழிந்தது.

"பார்த்தீங்களா, என்ன ஒரு சுறுசுறுப்பு" என்றார் தரம் சார். குரலில் கொஞ்சம் சுரத்து குறைந்திருந்தாலும், அவர் முறையைக் கைவிடவில்லை. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். முன்வரிசையில் எல்லோரும் கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். "ஒண்ணுமே இல்ல. சுத்தம்" என்று அறிவித்தார்.

முதல் டம்ளர் தலைவருக்கு. தலைவர் குடித்தார். அவருடைய இடது கண் மூடிக்கொண்டது. பிறகு வலது கண். காதுகள் இரண்டும் லேசாக அசைந்தன. வாழ்நாளில் யாரையும் எதையும் குறை சொல்லாத அந்த நல்ல மனிதர், வெகு நேரம் வார்த்தை தேடிவிட்டு, "தண்ணி" என்றார்.

"பல் கூசுதா தலைவரே?" என்றார் பல் டாக்டர். "காலைல கிளினிக் பக்கம் வாங்க."

தரம் சார் டம்ளரை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தார். அந்த முதல் விசாரணைக்கு அப்புறம் அவர் நாக்கு புளிப்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் முகம் செத்துப் போயிற்று. கூடத்தில் குசுகுசுவென்று பேச்சுக் கிளம்பியது, யாரோ சிரித்தார்கள். செயலாளர் நாற்காலி அவர் கண் முன்னாலேயே பல் டாக்டர் பக்கம் நகர்வது போலிருந்தது.

"முறையில ஒரு மாற்றமும் இல்ல" என்றார் அவர் ஈனக் குரலில். "அதே பாட்டில், அதே தட்டு, அதே துணி. வீட்டுல ஒரே ஒரு வித்தியாசம்தான். என் சம்சாரம் ஊர்ல இல்ல."

"அப்ப அவங்களயே கேட்டுருவோமே" என்றார் பல் டாக்டர்.

போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்கள். பாட்டில் திறந்த கதையைத் தலைவர் சொன்னார். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"புளிக்காம என்னங்க செய்யும்? அத்தனை நாள் ஆச்சே. நான் அங்க இருந்தவரைக்கும் தினமும் காலைல பழச ஊத்திட்டுப் புதுசா கலக்கி வச்சேன். அவர்கிட்ட சொல்லத்தான் வந்தேன், விடல. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவருக்குத் தெரியாது."

கூடம் அமைதியாகிவிட்டது. உண்மையான அமைதி மண்டலம் அதுதான். தரம் சாருக்குப் பாட்டிலில் இரண்டு விரல் உயர்ந்த மோர் ஞாபகம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் உள்ளே ஓடியதும் வந்தது. தினம் தினம், தான் லிஃப்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் பாட்டில் கழுவிக்கொண்டு நின்றதை நினைக்க நெஞ்சை என்னவோ செய்தது. அந்த நிமிஷத்தில் அவர் சொல்லியிருக்கக்கூடிய நல்ல வார்த்தைகள் தமிழில் ஏராளம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆக," என்றார், "மாதிரியில் முறைகேடு நடந்திருக்கிறது."

கூடம் முழுக்க மூச்சு விட்டது. அப்படியானால் முறை தவறில்லை. ஃப்ரிட்ஜ் தவறில்லை. அந்த மூக்கும் தவறில்லை. எல்லோருக்கும் மனசு லேசாயிற்று.

"சார், அப்ப எங்க வீட்டுல ஏன் புளிச்சுது?" என்று டீச்சர் எழுந்தார்.

"உங்க வீட்டுல முறைகேடு நடக்கல. அதான் காரணம்" என்றார் தலைவர். டீச்சர் கணக்குத் தெரிந்தவர். மனசுக்குள் போட்டுப் பார்த்தார், விடை சரியாகவே வந்தது. குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

பல் டாக்டர் பெருந்தன்மையானவர். சொந்த வீட்டுக்குள்ளேயே, அதுவும் கட்டின மனைவியே செய்த முறைகேட்டை ஊரறிய அம்பலப்படுத்தும் நேர்மை எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டு, போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். தரம் சார் போட்டியின்றிச் செயலாளர் ஆனார். "இனிமே மோர் புளிக்காம இருக்க என்னதான் வழி?" என்று யாரோ கேட்க, பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தீர்மானம் தயாரித்தார்கள். தலைவர் எழுந்து வாசித்தார்:

"குற்றவாளி உடனடியாக வீடு திரும்பி, மேற்படி குற்றத்தை முன்பு போலவே தினமும் காலையில், யாருக்கும் தெரியாமல், தொடர்ந்து செய்து வரவேண்டுமென இப்பொதுக்குழு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. வசதிப்பட்டால் மற்ற வீடுகளிலும் செய்யலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. புதுச் செயலாளர் தீர்மானத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. அப்போதுதான் மேஜையில் இருந்த போனிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, என்ன கைதட்டல் அங்க?"

"உன்னை மன்னிச்சாச்சு" என்றார் தரம் சார் பெருமிதத்தோடு. "நாளைக்கே கிளம்பி வந்துரு."

அவள் நிதானமாகக் கேட்டாள்: "மன்னிக்கலேன்னா என்ன தண்டனைங்க?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. தலைவர் பல் டாக்டரைப் பார்த்தார், பல் டாக்டர் செயலாளரைப் பார்த்தார். கடைசியில் தலைவரே போன் பக்கம் குனிந்தார்.

"மன்னிக்கலேன்னா, நியாயப்படி, நீங்க அந்த மோர் பக்கமே போகக் கூடாதும்மா. கடையக் கூடாது, ஊத்தக் கூடாது, பாட்டிலக் கழுவக் கூடாது. அந்த அடுக்களையிலயே கால் வைக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆயுசு முழுக்க."

"அப்ப அதையே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.